குடலில் ஓர் ஏற்பி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு

ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர் கொச்சிக்குக் குழாயில் வருகிறது. ஆனாலும் இங்கே பல வீடுகளில் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய சிவப்பு வெள்ளம்தான் குடிக்கத் தருவார்கள். நல்ல பழக்கம். ஏன் நல்லது என்று தேடினால் விஷயம் எலியின் குடல் வரை போகிறது.

ஈ. கோலை பாக்டீரியாவில் சில வகைகள் 18 அல்லது 19 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஒரு சின்ன நச்சைச் சுரக்கின்றன. மூன்று கந்தகப் பிணைப்புகள் அதை இறுக்கிப் பிடித்திருப்பதால் கொதித்தாலும் எளிதில் அழியாது. அப்புறம் தண்ணீரைக் காய்ச்சி என்ன பயன் என்று கேட்பீர்கள். உயிருள்ள பாக்டீரியா குடலில் போய் ஒட்டிக்கொண்ட பிறகுதான் இந்த நச்சை அங்கே சுரந்து தள்ளுகிறது. காய்ச்சினால் பாக்டீரியா செத்துப்போகும், அவ்வளவுதான்.

சரி, இந்த நச்சு குடலில் எதைப் பிடிக்கிறது? 1990இல் அமெரிக்காவில் டேவிட் கார்பர்ஸ் குழுவினர் எலியின் சிறுகுடலிலிருந்து அதற்குரிய மரபணுவைக் கண்டெடுத்தார்கள். குவானிலைல் சைக்ளேஸ்-சி என்று பெயர். புரதம் ஒன்று, வேலை இரண்டு. செல் சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஏற்பி. உள்ளே இருக்கும் பகுதி நொதி. வெளியே நச்சு ஒட்டியதும் உள்ளே நொதி சைக்ளிக் ஜி.எம்.பி. என்ற மூலக்கூறை ஏராளமாக உண்டாக்கும். உடனே குளோரைடு குடலுக்குள் கொட்டும். சோடியத்தை உறிஞ்சும் வழி ஒன்று அடைபடும். தண்ணீரும் கூடவே இறங்கும். இந்த மரபணுவை நீக்கிய எலிகளுக்கு நச்சைக் கொடுத்துப் பார்த்தார்கள் (1997). பேதியே ஆகவில்லை.

நச்சுக்கு இடம் கொடுப்பதற்காகவா உடம்பு ஓர் ஏற்பியை வைத்திருக்கும்? இல்லை. 1992இல் எலிக்குடலிலேயே குவானிலின் என்ற ஹார்மோன் அகப்பட்டது. குடலில் நீரும் உப்பும் அளவாக இருக்கச் செய்வது அதன் வேலை. அதற்கான இடத்தில்தான் நச்சு வேஷம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது.

வளர்ந்த எலியில் இந்த மரபணு பெரும்பாலும் குடலில்தான் வெளிப்படுகிறது. பிறந்த குட்டியிலோ ஈரலிலும் இருக்கிறது. வளர வளர அங்கே மறைகிறது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், மிச்சம் வளரும்போது திரும்பத் தலைகாட்டுகிறது! மனிதக் குழந்தையின் குடலிலும் முதல் மாதங்களில் இந்த ஏற்பி அதிகம், பிறகு குறையும். சிசுக்களை இந்த நச்சு அப்படி உலுக்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

நம் பக்கத்து பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தின் சந்தியா விஸ்வேஸ்வரய்யா இந்த ஏற்பியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நார்வேயில் ஒரே குடும்பத்தில் 32 பேருக்குத் தீராத வயிற்றுப்போக்கு. அவர்களுடைய இந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது; அதில் சந்தியாவுக்கும் பங்குண்டு. அவர்கள் குடலில் ஏற்பி சொந்த ஹார்மோனுக்கே மிதமிஞ்சி வேலை செய்தது.

வீட்டுக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து உள்ளே போகும் தனி வழியை இந்த நச்சு தொடுவதில்லை. ஓ.ஆர்.எஸ். கரைசல் அந்த வழியாகத்தான் தண்ணீரை உடம்புக்குள் சேர்க்கிறது. பேதி தொடரும்போதே கொடுக்க வேண்டும். நிற்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். கைக்குழந்தையானால் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் கொடுங்கள்.