மறைந்திருக்கும் சோலை

தோட்டத்தைக் குறிக்கும் 'ஜன்னத்' எனும் அரபுச் சொல், மறைத்தல், மூடுதல் எனப் பொருள்படும் 'ஜன்ன' என்பதன் வழிவந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஜின், கருவறையில் மறைந்துள்ள ஜனீன் எனும் சிசு, வீரனை மறைத்துக் காக்கும் ஜுன்னத் எனும் கேடயம் ஆகியனவும் இவ்வேரின் கிளைகளே. அடர்ந்த மரங்கள் நிலத்தை மறைப்பதால் தோட்டம் ஜன்னத் ஆயிற்று என்பர் மொழியறிஞர்.

இப்பொருளை நேரில் காண விழைவோர் மொராக்கோவின் மர்ராகிஷ் நகருக்குச் செல்லலாம். பழைய நகரின் முவாஸீன் பகுதியில், கடைவீதிச் சந்தடியின் நடுவே, உயர்ந்த சுவர்களுக்குப் பின்னால் 'இரகசியத் தோட்டம்' என இன்று வழங்கும் மாளிகைத் தோட்டம் உள்ளது. ஸஅதிய்யர் ஆட்சியில், 16ஆம் நூற்றாண்டில் தோன்றிய இது, 19ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பெற்றது. பின்னர் நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, சீரமைக்கப்பட்டு, 2016இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

இதன் ஒரு பகுதியில் பல நாட்டுச் செடிகொடிகள் உள்ளன. மற்றொன்று இஸ்லாமியத் தோட்ட மரபில் நான்காகப் பகுக்கப்பட்டது. திருக்குர்ஆனின் 47ஆம் அத்தியாயம் 15ஆம் வசனம் கூறும் சுவனத்தின் நால்வகை ஆறுகளோடு இவ்வமைப்பை இணைத்துப் பேசுவர். எனினும் நாற்பகுப்புத் தோட்டத்தின் வேர்கள் இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகத்தில் உள்ளன. பழைய வடிவை ஏற்ற முஸ்லிம்கள் அதற்குப் புதுப்பொருள் தந்தனர் எனக் கொள்வதே பொருந்தும்.

அங்குச் செல்வோர் மலர்களினும் மேலாக நோக்கத்தக்கது நீர். மழை குன்றிய அந்நகருக்கு, அட்லஸ் மலையடிவாரத்து நிலத்தடி நீர் 'கத்தாரா' எனும் சரிவான சுரங்கக் கால்வாய்கள் வழியே, இறைக்கும் பொறி ஏதுமின்றி வந்து சேர்ந்தது. இதனை அங்கு அமைத்த பொறியாளர் உபைதுல்லாஹ் இப்னு யூனுஸ் என்று 12ஆம் நூற்றாண்டுப் புவியியலறிஞர் அல்-இத்ரீஸீ குறித்துள்ளார். பள்ளிவாசல்களும் குளிப்பிடங்களும் பொதுக் குடிநீர்த் துறைகளும் அந்நீரைப் பெற்றன. தம் இல்லத்துக்கெனத் தனி நீர்ப்பங்கு பெற்றோர் செல்வர் சிலரே. ஆகவே, ஒரு மாளிகைத் தோட்டத்தில் ஓடிய நீர் அழகுக்கு மட்டுமன்றி, உரிமைக்கும் அதிகாரத்துக்கும் அடையாளமாக இருந்தது.

20ஆம் நூற்றாண்டில் பொறிகளால் நீர் இறைக்கும் ஆழ்கிணறுகள் பெருகின. நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. கத்தாராக்களிற் பெரும்பாலானவை வறண்டன. ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதாயிருந்த சோலை இன்று, கட்டணம் செலுத்தி நுழையும் அனைவருக்கும் நிழல் தருகிறது, இது மகிழ்வுக்குரியது. ஆயினும் சுவரையும் மண்டபத்தையும் புதுப்பிப்பது எளிது. வற்றிய ஊற்றை மீட்பது அரிது. தோட்டத்தைக் காக்க விழைவோர், கண்ணுக்கு மறைந்தோடும் அதன் நீரையும் காத்தல் வேண்டும்.