பாப்பாவின் நெஞ்சில் கேட்ட சத்தம்



சின்னப் பிள்ளைக்கு "ஸ்கேன் எடுக்கணும்" என்று டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தால் பெத்தவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். எங்களுக்கும் அப்படித்தான் போனது. எங்கள் மகளுக்கு இப்போது இரண்டரை வயது. அவளுடைய இருதயத்தை இதுவரை மூன்று தடவை ஸ்கேன் பண்ணியிருக்கிறார்கள். முதல் தடவை ஒன்றும் தெரியாமல் போனோம், ஒன்றும் விளங்காமல் திரும்பி வந்தோம், தேவையில்லாமல் நகையையும் அடகு வைத்தோம். இன்னொரு குடும்பம் அப்படித் தடுமாறக்கூடாது என்று, தாயும் தகப்பனுமாக இதை எழுதுகிறோம்.

பாப்பாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தடிமன் பிடித்து, தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். குழாய் வைத்துப் பார்த்த டொக்டர் ஐயா, தடிமனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் வைத்துப் பார்த்தார். "நெஞ்சில ஒரு சத்தம் கேக்குது. பயப்பட வேணாம், ஆனா பெரியாஸ்பத்திரியில காட்டணும்" என்றார். பிள்ளை நன்றாகத்தான் பால் குடித்தாள், நிறையும் கூடியிருந்தது. சத்தம் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

லயத்தில் விஷயம் பரவ ஒரு மணித்தியாலம் போதும். அப்பாயி சொன்னார், வயிற்றுப் பிள்ளைக்காரி கிரகணத்தன்று வெளியே வந்தது தப்பு என்று. இன்னொருவர், நிறைமாசத்திலும் கொழுந்துச் சாக்கைத் தூக்கியதுதான் காரணம் என்றார். எல்லாம் தாயின் தலையிலேயே வந்து விழுந்தது. பிற்பாடு டொக்டரிடம் இதைக் கேட்டோம். கரு உண்டாகி முதல் 8 கிழமைக்குள்ளேயே இருதயத்தின் காம்பராக்களும் சுவர்களும் அமைந்து முடிந்துவிடுமாம். அந்த நேரத்தில் பல பெண்களுக்குத் தாங்கள் பிள்ளைத்தாச்சி என்பதே சரியாகத் தெரிந்திருக்காது. ஏன் ஒரு பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது, கிரகணத்துக்கும் சாக்குக்கும் இதில் சம்பந்தம் இல்லை என்றார். அப்பாயி இதை இன்னும் முழுசாக நம்பவில்லை. அது வேறு கதை.

ஸ்கேனுக்கு நாள் கிடைக்க ஆறு கிழமை ஆனது. அன்று விடியற்காலை மூன்று மணிக்கே எழும்பிப் போனோம். இரண்டு பேருக்கும் அன்றைய பேர் இல்லை. ஒருவர் மட்டும் போயிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். பிள்ளையைப் பிடிக்க ஒருவர், டொக்டர் சொல்வதைக் கேட்க ஒருவர் என்று இரண்டு பேர் போவது வீண் இல்லை என்பது எங்கள் அனுபவம்.

நெஞ்சுக்கு எடுக்கும் இந்த ஸ்கேனுக்கு எக்கோ என்று பெயர். இதில் ஊசி இல்லை, வலி இல்லை. காதுக்குக் கேட்காத சத்த அலையை உடம்புக்குள் அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருவதை வைத்துத் திரையில் படம் காட்டுகிறார்கள். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதும் இதே முறையில்தான். எக்ஸ்ரேயிலும் சீ.டி. ஸ்கேனிலும் கதிர் உண்டு. எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம், கடகடவென்று சத்தம் போடும், கதிர் கிடையாது. எக்கோவில் இரண்டும் இல்லை. ஆகவே மூன்று தடவை எடுத்தாலும், பத்துத் தடவை எடுத்தாலும் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

அறை இருட்டாக இருந்தது. பிள்ளையின் சட்டையைக் கழற்றி, நெஞ்சில் குளிர்ந்த பசை மாதிரி ஒன்றைப் பூசினார்கள். அதற்குத்தான் வீரென்று அழுதாள். அழுதால் படம் சரியாக விழாது என்று, படுத்தபடியே பால் கொடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள். வளர்ந்த பிள்ளைகள் அசையாமல் கிடக்க மாட்டார்கள் என்றால் தூங்குவதற்குப் பாணி மருந்து கொடுப்பதும் உண்டு. அந்த மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணிக்குப் பிறகு பாலும் சாப்பாடும் கொடுக்கக்கூடாது என்று முன்னமே சொல்வார்கள். பாவம் பசிக்குதே என்று ஒளித்துக் கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்தால் அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடும்.

திரையில் சிவப்பும் நீலமுமாகப் பளிச்சென்று ஓடியது. சிவப்பு நல்ல இரத்தம், நீலம் கெட்ட இரத்தம் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். நீலம் வரும்போதெல்லாம் வயிறு கலங்கியது. உண்மை அது இல்லை. ஸ்கேன் கருவியை நோக்கி வரும் இரத்தத்தைச் சிவப்பாகவும், விலகிப் போவதை நீலமாகவும் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். நல்ல இருதயத்திலும் இரண்டு நிறமும் ஓடும். டொக்டரின் முகத்தையும் பார்த்துக்கொண்டே நின்றோம். அவர் முகத்தைச் சுளித்தது திரையின் எழுத்தைப் படிப்பதற்காக என்று இப்போது நினைக்கிறோம்.

அரை மணித்தியாலத்தில் முடிந்தது. கையில் ஒரு ரிப்போட். எல்லாம் இங்கிலீசு. "மூணு மாசத்தில வாங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். வெளியே நூறு பேர் வரிசையில். கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

டவுணில் இங்கிலீசு தெரிந்த ஒருவரிடம் ரிப்போட்டைக் காட்டினோம். "இருதயத்தில ஓட்டை. ஆப்பரேசன்தான். லட்சக்கணக்கில போகும்" என்றார். நல்ல மனிதர்தான், தெரிந்ததைச் சொன்னார். நாங்கள் அங்கேயே, பஸ் ஏறும் முன்பே, தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்தோம். இரண்டு நாள் அடுப்பு பத்தவில்லை. பிள்ளை எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

மூன்றாம் நாள் மிட்வைப் மிஸ் லயத்துக்கு வந்து, எங்களை ஏசி, ரிப்போட்டோடு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனார். டொக்டர் ஐயா ஒரு கடதாசியில் படம் கீறிக் காட்டினார். இருதயத்தில் நாலு காம்பரா. மேல் இரண்டும் இரத்தத்தைச் சேர்க்கும், கீழ் இரண்டும் தள்ளும். வலது கீழ் காம்பரா சுவாசப்பைக்கும், இடது கீழ் காம்பரா உடம்பு முழுவதுக்கும் தள்ளுகிறது. இந்தக் கீழ் காம்பராக்களின் நடுச்சுவரில் ஓட்டை இருந்தால் அதைத்தான் ரிப்போட்டில் வி.எஸ்.டி. என்று எழுதுவார்கள். இடது பக்கம் அழுத்தம் கூட, அதனால் இரத்தம் ஓட்டை வழியாக வலது பக்கம் பீய்ச்சும். அந்தப் பீய்ச்சல்தான் சத்தம். பாப்பாவின் ஓட்டை 3 மில்லிமீட்டர், சுவரின் தசைப் பகுதியில். "இந்த மாதிரிச் சின்ன ஓட்டை நிறையப் பிள்ளைகளுக்குத் தானாவே மூடிக்கும். அதைப் பார்க்கத்தான் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க" என்றார்.

எல்லாப் பிள்ளைக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. ஓட்டை பெரிசாக இருந்தால் சுவாசப்பைக்கு இரத்தம் அதிகமாகப் போகும், இருதயத்துக்கு வேலை கூடும். பிள்ளை பால் குடிக்கும்போதே களைத்து, தலை வியர்த்து, விட்டுவிட்டுக் குடிக்கும். மூச்சு வேகமாக வாங்கும். நிறை கூடாது. அடிக்கடி சளிக் காய்ச்சல் வரும். இதில் எதைக் கண்டாலும் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்கக்கூடாது. உதடு நீலமாகப் போனால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால் 1990க்கு போன் பண்ணுங்கள், அம்புலன்ஸ் இலவசம். ஓட்டையை மூடும் பாணி, குளிசை எதுவும் கிடையாது. டொக்டர் தரும் மருந்து இருதயத்தின் சுமையைக் குறைப்பதற்கு. மூட வேண்டி வந்தால் ஆப்பரேசன் செய்வார்கள், சிலருக்குத் தொடை நரம்பு வழியாகக் குழாய் விட்டும் அடைப்பார்கள். கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் இருதய ஆப்பரேசன் செய்கிறார்கள். அது அரசாங்க ஆஸ்பத்திரி, கட்டணம் இல்லை. நாங்கள் அடகுக் கடைக்குப் போவதற்கு முன் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை போகும்போது கேட்க வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போனோம். ஓட்டை எவ்வளவு, முந்தியதை விடக் குறைந்திருக்கிறதா, இருதயம் பெருத்திருக்கிறதா, ஊசிகள் போடலாமா, எப்போது திரும்ப வர வேண்டும். "தமிழ் தெரிஞ்ச மிஸ் யாராவது இருக்காங்களா?" என்று முதலிலேயே கேட்டோம். ஒருவர் வந்தார். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலேயே வந்துவிட்டது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது. ஓட்டை 2 மில்லிமீட்டர். தடுப்பூசி எல்லாம் மற்றப் பிள்ளைகள் மாதிரியே போடலாம், பல்லைச் சுத்தமாக வைத்திருங்கள், சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் ஏறி இருதயத்தில் தங்கிவிடலாம் என்றார் டொக்டர்.

மூன்றாவது ஸ்கேனுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு விஷயம் நடந்தது. டிஸ்பென்சரியில் குழாய் வைத்துப் பார்த்தபோது, சத்தம் முன்னையை விடக் கூடியிருக்கிறது என்றார் டொக்டர் ஐயா. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார், "பீலியில தண்ணி புடிக்கிறீங்களே, வாயை விரலால அடைச்சா என்ன ஆகும்?" வாய் சிறுத்தால் தண்ணீர் இன்னும் இரைந்து பீய்ச்சும். ஓட்டையும் அப்படித்தான், சிறுக்கும்போது சத்தம் கூடலாம். சத்தத்தை வைத்து ஓட்டையின் அளவைச் சொல்ல முடியாது, அதற்குத்தான் ஸ்கேன். அவர் சொன்னபடியே, அந்த மாதம் எடுத்த எக்கோவில் ஓட்டை 1 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது.

இன்னும் முழுசாக மூடவில்லை. பிள்ளைக் காம்பராவில் மற்றப் பிள்ளைகளோடு ஓடுகிறாள், விழுகிறாள், அடிபடுகிறாள். ஓட விடுங்கள் என்று டொக்டரும் சொல்லியிருக்கிறார். பிள்ளை நல்லாத்தானே இருக்கு, இனி எதுக்கு ஒரு நாள் பேரை விட்டுட்டுப் போறீங்க என்று கேட்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். ரிப்போட்டுகளையும் வளர்ச்சிப் பதிவேட்டையும் மழை படாமல் ஒரே பொலித்தீன் பைக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம். சங்கிலியை மீட்டுவிட்டோம், தோடு இன்னும் கடையில் இருக்கிறது. அடுத்த எக்கோ சித்திரை வருசப் பிறப்பு கழிந்து இரண்டாம் கிழமை.