போத்தலுள் நிகழும் உற்பத்தி: ஜிஞ்சர் பியர் பற்றிய ஒரு குறிப்பு

நத்தார் நெருங்குங்கால் கொட்டாஞ்சேனை வீடுகள் சிலவற்றில் ஜிஞ்சர் பியர் தயாரிக்கப்படுவதை நாம் அறிவோம். அதே பெயரிலான ஆலைப் பானம் வெள்ளவத்தைக் கடைகளிலும் கிடைக்கின்றது. இரண்டும் நுரைப்பவை, எனினும் நுரை தோன்றும் வகை வேறு. இவ்வேறுபாடு சுவையோடு மாத்திரமன்றி உற்பத்தி முறையோடும் தொடர்புடையது என்பதை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

வீட்டு முறையில் இடித்த இஞ்சி, சீனி, தேசிச்சாறு ஆகியன கொதித்தாறிய நீரிற் கலக்கப்பட்டு, மதுவம் சேர்க்கப்படுகின்றது. மதுவம் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். திறந்த பாத்திரத்தில் இவ்வாயு வெளியேறிவிடும். இறுக மூடிய போத்தலிலோ, அமுக்கம் ஏற ஏற நீரிற் கரைந்து நிற்கும். மூடியைத் திறந்ததும் அமுக்கம் தணிய, கரைந்த வாயு குமிழிகளாகின்றது.

இங்கு அளவே முக்கியம். வீட்டிற் பியர் வடிப்போர் நொதித்தல் ஓய்ந்தபின், லீற்றருக்கு 6 முதல் 8 கிராம் வரை சீனி சேர்த்து மூடுவர். அச்சீனி தீர்ந்ததும் அமுக்கம் ஏறுவது நின்றுவிடும். ஜிஞ்சர் பியரோ இனிப்பு எஞ்சியிருக்கையிலேயே போத்தலில் அடைக்கப்படுவது. கொழும்பின் வெப்பத்தில் மதுவம் விரைந்து இயங்கும். மேலும், ஒரே அமுக்கத்தில், 0 பாகை செல்சியஸிற் கரையும் வாயுவிற் பாதிக்கும் குறைவே 28 பாகையிற் கரையும். ஆகவே காலத்தே குளிரூட்டிக்கு மாற்றப்படாத போத்தல் வெடிக்கவுங் கூடும்.

எவரும் கைவைக்காத இவ்விடைக்காலத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? 1885இல் எங்கெல்ஸ் வெளியிட்ட ‘மூலதனம்’ இரண்டாம் தொகுதியில், மார்க்ஸ் உழைப்பு நேரத்தையும் உற்பத்தி நேரத்தையும் வேறுபடுத்தி, திராட்சைச் சாறு நொதித்து முதிரும் காலத்தையும் சான்றாகக் காட்டுவார். உழைப்பு நின்ற பின்னும் உற்பத்தி தொடர்கின்றது; ஆனால் அக்காலத்திற் புதிய பெறுமதி தோன்றுவதில்லை. எனவே அதனைச் சுருக்க முனைவது மூலதனத்தின் இயல்பாகும்.

நுரைக்கும் பானத்தின் வரலாறு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1767இல் ஜோசப் பிறீஸ்ற்லி லீட்ஸ் நகரப் பியர் வடிசாலைத் தொட்டியின் மேல் தங்கிய வாயுவையே நீரிற் கரைத்தார். 1783இல் ஜெனீவாவில் ஷ்வெப் வாயுவேற்றிய நீரை வாணிபப் பொருளாக்கினார். நொதித்தலிற் பெற்ற வாயு இவ்வாறு நொதித்தலினின்றும் பிரிக்கப்பட்டது. இன்றைய ஆலையிற் குளிர்ந்த பானத்துள் வாயு அமுக்கத்தோடு செலுத்தப்படுகின்றது, காத்திருத்தல் இல்லை.

வீட்டுப் பானத்தைப் போற்றி ஆலையைப் பழிப்பது எமது நோக்கமன்று. காலத்தைச் சுருக்கியமை மனித அறிவின் வெற்றியே. ஆயின் இஞ்சி இடித்து, போத்தல் கழுவி, ஒன்றைத் திறந்து பதம் பார்க்கும் பெண்களின் உழைப்பும் அறிவும் எக்கணக்கிலும் இடம்பெறுவதில்லை. அவர்தம் பானம் சந்தைக்குச் செல்லாமையால், அவர்தம் உழைப்பும் உழைப்பாகக் கருதப்படவில்லை. ஆலையின் வெற்றியை மதிப்பிடும் ஆய்வு இதனையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.