வலிப்பு நோயின் விலை

ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அந்நகரத்தினுள்ளும் ஓசூர்ச் சாலை என்றே வழங்கும் பெருவழியில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நரம்பியல் நிலையம் அமைந்துள்ளது. பழைய மனநோய் மருத்துவமனையும் அகில இந்திய மனநல நிலையமும் 1974இல் ஒன்றாக இணைந்து உருவானது அது. தளியிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ ஒருவர் அங்குச் சென்று திரும்ப ஒரு நாள் கழிந்துவிடும். உடன் செல்லும் தாயோ தமையனோ அன்றைய கூலியை இழக்க வேண்டும். நோயின் செலவைக் கணக்கிடுவோர் இதனை எழுதிக்கொள்வது அரிது.

காக்காய் வலிப்பு என்று நாம் சொல்லும் நோயை எடுத்துக்கொள்வோம். இது பேயின் சேட்டையன்று, தொற்று நோயுமன்று. மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் கட்டுமீறிப் பாய்வதால் நேர்வது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. நம் நாட்டில் 1998இல் போட்ட ஒரு கணக்கின்படி, மருந்து, பயணம், இழந்த வேலை நாட்கள் யாவும் சேர்ந்து, ஒரு நோயாளிக்கு ஆண்டில் ஆகும் செலவு, தலைக்கு விழும் தேசிய வருமானத்தில் 88 விழுக்காடு!

மருந்தோ அவ்வளவு விலையுடையதன்று. பீனோபார்பிட்டால் 1912 முதல் வழக்கில் உள்ளது. கர்நாடகத்தின் எளந்தூர்ப் பகுதிக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர் குழுவினரும் அதனையும் பெனிட்டாயினையும் கொண்டே பலருக்கு வலிப்பை அடக்கிக் காட்டினர். அம்முடிவுகள் 2001இல் வெளிவந்தன. தவறாமல் மருந்துண்டால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம்.

பின் எங்கே தவறுகிறோம்? மறைப்பதில்தான். தொழிற்சாலையில் சேரும் இளைஞன், வேலை போய்விடுமென்று அஞ்சி வாய் திறப்பதில்லை. இரவு ஷிப்டில் உறக்கம் கெடுகிறது. உறக்கக் குறைவே வலிப்பைத் தூண்டவல்லது. பிறர் காண்பரே என்று மாத்திரையையும் விட்டுவிடுகிறான். இயந்திரத்தின் அருகில் விழுந்தால் என்னாவது? மேலாளரிடம் சொல்லியிருந்தால் ஆபத்தில்லாத பகுதியில், பகல் வேலை கேட்டிருக்கலாம். பெண்ணாயின் மறைப்பதற்குக் காரணம் கலியாணம். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976இல் தடையாக நுழைந்த வலிப்பு என்னும் சொல் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது என்பதைப் பெற்றோர் பலர் அறியார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கையில் வரும் ஒருவகை வலிப்பு, தென் கர்நாடகத்தில் மிகுதியாகக் காணப்பட்டுள்ளது. எல்லைப்புறத்தில் உள்ள நாமும் அதை அறிந்திருப்பது நல்லது. அத்தகையோர் வெதுவெதுப்பான நீரில் குளிக்கட்டும்.

வலிப்புற்றவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதையும் வைக்கலாகாது. கூர்மையான பொருள்களை அகற்றி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பித்தானைத் தளர்த்துங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ, தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.