ஸர்ஸாமும் பிர்ஸாமும்

கடுங்காய்ச்சலில் பிதற்றும் நோயாளிக்குக் கோளாறு எவ்விடத்தது? இடம் தவறினால் மருந்தும் தவறும். கிரேக்கர் இட்ட ‘ஃபிரெனிட்டிஸ்’ என்னும் பெயர், உதரவிதானத்தையும் மனத்தையும் ஒருசேரச் சுட்டிய சொல்லினின்று பிறந்தது. ஆதலின் ஐயம் நீடித்தது.

அரபு மருத்துவர்கள் பாரசீகச் சொற்களை மேற்கொண்டனர். ‘ஸர்’ தலை, ‘பர்’ மார்பு, ‘ஸாம்’ வீக்கம். இப்னு சீனா (980–1037) தமது ‘அல்கானூன் ஃபித்திப்’ நூலின் மூன்றாம் பாகத்தில், மூளையிலோ அதன் உறைகளிலோ எழும் அழற்சியை ‘ஸர்ஸாம்’ என்றும், மார்புப் பகுதியில் எழுந்து அறிவைக் கலக்குவதைப் ‘பிர்ஸாம்’ என்றும் பிரித்துரைத்தார்.

காரணத்தை அவர் பித்தம் முதலிய உடல் திரவங்களின் கேட்டில் தேடினார். மூளையுறை அழற்சிக் கிருமிகளுள் ஒன்றான மெனிங்கோகாக்கஸை வைக்சல்பாம் பிரித்தறிந்தது 1887இல்தான். அவர் கூறிய காரணம் வீழ்ந்தது. ஆயினும், குறி ஒன்றாயினும் நோயிடம் வேறாகலாம் என்ற அவரது தெளிவு இன்றும் நிற்கிறது.