லேப்பில் நம் பிள்ளைகள்

அரசுக் கல்லூரியில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் கணினி கிடையாது. லேப்பில் கிடைக்கும் நேரம்தான் எல்லாம். அதனால் தரவுத்தளப் பாடத்தை எப்படி அமைப்பது என்பதில் நமக்கும் அக்கறை உண்டு.

வகுப்பில் நார்மலைசேஷன் விதிகளை மனப்பாடம் செய்கிறார்கள். லேப்பில் கட்டளைகளைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள். பல இடங்களில் இரண்டும் சந்திப்பதே இல்லை.

உதவித்தொகைப் பட்டியலையே பாடமாக வைத்தால் என்ன? மாணவர் பெயர், ஊர், வங்கிக் கணக்கு, ஆண்டு, தொகை எல்லாம் ஒரே அட்டவணையில் இருக்கட்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு மூன்று வரிசை. வங்கிக் கணக்கும் மூன்று இடத்தில் இருக்கும். கணக்கு மாறும்போது ஒரு வரிசையைத் திருத்தி மற்ற இரண்டை விட்டுவிட்டால், பணம் எந்தக் கணக்குக்குப் போகும்? இந்தக் குழப்பத்தை மாணவரே உண்டாக்கிப் பார்க்கட்டும். அதன்பிறகு, ஒரு தகவலை ஓரிடத்தில்தான் வைக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னால் மறக்காது. உதவித்தொகை வராமல் அலைந்த வீடுகளில் இதைத் தனியாக விளக்கவே வேண்டாம்.

அதே பட்டியலில் சாதிப் பத்தியும் இருக்கும். கல்லூரியில் எல்லோரும் அதைப் பார்க்க வேண்டுமா? யார் எந்தப் பத்தியைப் பார்க்கலாம் என்று வரம்பு கட்ட 'வியூ', 'கிராண்ட்' என்ற வசதிகள் உண்டு. பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துவிடும் இதற்கு ஒரு வாரமே ஒதுக்கலாம்.

"கோட்பாடு எதற்கு, வேலைக்குக் கட்டளை தெரிந்தால் போதும்" என்பவர்களும் இருக்கிறார்கள். இதை நாங்கள் ஏற்கவில்லை. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் இந்த அட்டவணை முறையை முன்வைத்தது கணிதத்தை அடிப்படையாகக் கொண்டுதான். மென்பொருள்கள் எத்தனையோ வந்து போயின, அந்த அடிப்படை இன்றும் நிற்கிறது. கைவேலை நமக்கு, யோசிக்கிற வேலை பிறருக்கு என்ற பழைய பங்கீடு லேப்புக்குள்ளும் வர விடலாமா?

செலவும் பெரிதில்லை. 2000-ல் வெளியான எஸ்கியூலைட் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆண்ட்ராய்டு கைபேசிக்குள்ளும் அதுதான் இருக்கிறது. பயிற்சி செய்யச் செயலிகளும் உண்டு.

பிராக்டிகல் தேர்வில் ரெக்கார்டு நோட்டுக்கான மதிப்பெண்ணைக் குறைத்து, கோளாறான அட்டவணை ஒன்றைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம். ஏன் அப்படிப் பிரித்தார் என்று தமிழில் எழுதவும் அனுமதிக்கலாம்.

தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவில் பழைய மாணவர் ஒருவருக்கும் இடம் உண்டு. உங்கள் ஊர்க் கல்லூரியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள்.