தேடலில் வராத கோப்பு தொலைந்த கோப்பா?

பேரேடு எழுதிப் பழகியவர்களுக்கு அட்டவணையின் அருமை தெரியும். முதல் பக்கங்களில் ஆள் பெயரும் பக்க எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துத்தான் கணக்கைப் புரட்டுவோம். கம்ப்யூட்டரில் ‘இண்டெக்ஸ்’ என்பதும் அதேதான். மென்பொருள் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படித்து, எந்தச் சொல் எதில் உள்ளது என்று குறித்துக்கொள்கிறது. பிறகு நாம் தேடும்போது அந்த அட்டவணையை மட்டும் பார்த்துப் பதில் சொல்கிறது.

இதில் வரும் தடங்கல்தான் ‘டைம் அவுட்’. ஒரு கோப்பைப் படிக்க இத்தனை வினாடி என்று கெடு உண்டு. கெடு தாண்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். சில மென்பொருள்கள் அங்கேயே நின்றுவிடும். விடுபட்ட பில் தேடலில் வராது. ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யவேண்டிய கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காப்பாற்றியாக வேண்டும். நோட்டீஸ் வந்த அன்றைக்கு ‘பில் இல்லை’ன்னு திரை சொன்னால் வெளியூரில் கடை வைத்திருக்கும் நம் பாடு என்ன ஆகும்?

நான் கம்ப்யூட்டர் படித்தவனல்லன், வியாபாரி. கடைக் கணக்கும் பழம்புத்தக ஸ்கேன்களும் வைத்திருப்பதால், கைக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் மென்பொருளின் ‘லாக்’ என்கிற பதிவைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கோப்பில் நிற்கிறதென்றால் கோளாறு அந்தக் கோப்பில்தான். அது சிதைந்திருக்கலாம், பாஸ்வேர்டு போட்டிருக்கலாம், மிகப் பெரிய ஸ்கேனாக இருக்கலாம். அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

லாக்கில் பெயர் தெரியவில்லையா? கோப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டுங்கள். நிற்கிற பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 1000 கோப்பில் ஒன்றே ஒன்று கெட்டிருந்தால், பத்தே சுற்றில் பிடித்துவிடலாம்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோப்பில் நின்றால் குற்றம் பெரும்பாலும் வழியில். தளர்ந்த வயர், மெதுவான வைஃபை, பழுதாகிவரும் டிஸ்க், அதே நேரத்தில் ஓடும் வைரஸ் சோதனை என்று ஏதாவது இருக்கும். கோப்புகளை உள் டிஸ்க்கில் நகலெடுத்து ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். இவ்வளவும் பார்த்த பிறகே கெடுவைக் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பில் கூட்டினால் கெட்ட கோப்புக்காக இன்னும் அதிக நேரம் காத்திருப்போம், அவ்வளவுதான்.

கடைசி வழி அட்டவணையை அழித்துப் புதிதாகப் போடுவது. விண்டோஸில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்டு என்று போக வேண்டும். பயப்பட வேண்டாம், அழிவது அட்டவணைதான். கோப்புகள் அப்படியே இருக்கும்.

டைம் அவுட் அல்லாத காரணங்களும் உண்டு. ஸோடெரோ மென்பொருளில், நாம் மாற்றாதவரை, ஒரு பிடிஎஃப்பின் முதல் 100 பக்கமே அட்டவணையில் ஏறும். வெறும் படமாக ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கினால்தான் சொல் அகப்படும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடில் தேடினாலும் வராது.

ஆகவே, தேடலில் வரவில்லை என்பதற்காகக் கோப்பைத் தொலைந்ததாக எண்ணிவிடாதீர்கள். கோப்புறையைத் திறந்து தேதிவாரியாக ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஸ்கேன்தான் இருக்கிறதே என்று மூலக் காகிதத்தையும் பழைய கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.